கணிப்பொறி மொழியின் குடிபெயர்ப்பு

முன்னுரை

"சி மொழியில் எழுதிய நிரல் எந்தக் கணிப்பொறியிலும் ஓடும்." இருபது ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதிவந்த வாக்கியம் இது. மாணவர்களும் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தேர்வுத்தாளில் அப்படியே திருப்பி எழுதி, மதிப்பெண்ணும் பெற்றுச் சென்றார்கள். 2024-25ஆம் கல்வியாண்டில் இந்த வாக்கியத்தை நானே திருத்திக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. திருத்தக் கற்பித்தவர் எங்கள் துறையின் மூன்றாமாண்டு மாணவி ஒருவர். அந்த அனுபவத்தையும், அதற்கு அடிப்படையான அறிவியல் செய்திகளையும் பிற துறை மாணவர்களுக்கும் விளங்கும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பாட்டிமார் காலத்தில் அரிசியைப் படியால் அளந்தார்கள். பட்டணம் படி என்று ஒன்று, சின்னப் படி என்று ஒன்று. "இரண்டு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து" என்று சொன்னால் எந்த ஊரிலும் தவறு நேராது. இரண்டும் ஒரே படியால் அளக்கப்படும். "இரண்டு படி அரிசி இந்தப் பானையில் வேகும்" என்று சொன்னால், ஊர் மாறியவுடன் பானை பொங்கி வழியும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. தம் ஊர்ப் படியை மனத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுதான். கணிப்பொறி நிரல் ஒன்றை ஓர் அமைப்பிலிருந்து வேறோர் அமைப்புக்குக் கொண்டு செல்லும்போது நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இத்தகையவையே.

யூனிக்ஸ் வந்த வழி

யூனிக்ஸ் என்பது கணிப்பொறியின் உறுப்புகளை ஆளும் இயக்க அமைப்பு. அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் 1969ஆம் ஆண்டு இதைத் தொடங்கினர். முதலில் அந்தந்த இயந்திரத்துக்கே உரிய தாழ்நிலை மொழியில் எழுதப்பட்டிருந்த யூனிக்ஸ், 1973ஆம் ஆண்டில் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் பெரும்பாலும் திருப்பி எழுதப்பட்டது. இயந்திரம் மாறினாலும் மொழி மாறாது அன்றோ? ஆகவே இவ்வமைப்பை வேறு இயந்திரத்துக்கும் கொண்டு செல்லலாமே என்ற எண்ணம் பிறந்தது.

1977ஆம் ஆண்டு அம்முயற்சி இரண்டு இடங்களில் நடந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சனும் ரிட்சியும் இன்டர்டேட்டா 8/32 என்னும் இயந்திரத்துக்கு யூனிக்சைக் கொண்டு சென்றனர். ஆஸ்திரேலியாவின் வுல்லன்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மில்லர் அதன் உடன்பிறப்பான இன்டர்டேட்டா 7/32க்குக் கொண்டு சென்றார். அதுவரை யூனிக்ஸ் வாழ்ந்த பிடிபி-11 இயந்திரத்தில் முழு எண் ஒன்றுக்கு 16 பிட். புதிய இயந்திரத்திலோ 32 பிட். எண்ணின் பைட்டுகளை நினைவகத்தில் அடுக்கும் வரிசையும் இரண்டிலும் வேறு. யூனிக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளும் இரண்டிரண்டாக இடம் மாறி 'நக்சி' என்று தெரிந்ததாக ஒரு வேடிக்கைக் கதை இன்றும் கணிப்பொறியாளர்களிடையே வழங்குகிறது. 'கடலூர்' என்பதை 'டகர்லூ' என்று அச்சடித்தது போல!

அம்முயற்சியின் பயனாகச் சி மொழியே திருந்தியது என்பது இங்கே கருதத்தக்கது. எண்ணையும் நினைவக முகவரியையும் ஒன்றாகக் கருதி எழுதும் பழக்கம் குற்றம் என்று உணரப்பட்டது. அத்தகைய கவனக்குறைவுகளைத் தேடிச் சுட்டிக்காட்ட 'லின்ட்' என்ற கருவியை ஜான்சன் உருவாக்கினார். குடிபெயர்ப்பு, பெயர்ந்த பொருளின் குறைகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே அடிப்படைக் கருத்து.

பின்னர் யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் ஒரு கிளை. பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி மற்றொரு கிளை. 1988இல் போசிக்ஸ் என்ற பொதுத் தரமும், 1989இல் சி மொழிக்கு அமெரிக்கத் தேசியத் தரமும் வந்தன. 1991இல் தோன்றிய லினக்ஸ், யூனிக்சின் மூல நிரலைக் கொள்ளாமல் அதன் நெறியை மட்டும் கொண்டு எழுதப்பட்டது. அண்ணன் தம்பிகள் ஒரே சாடையில் இருந்தாலும் ஒருவர் சட்டை மற்றவர்க்குச் சரியாகப் பொருந்துவதில்லை. யூனிக்ஸ் குடும்பத்தின் நிலையும் இதுவே.

எங்கள் துறையின் சிறு மொழி

2011ஆம் ஆண்டு எங்கள் துறையில் பயின்ற மாணவர் ஒருவர், தமது இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஒரு சிறு கணிப்பொறி மொழியை உருவாக்கினார். 'எழுது', 'எனில்', 'வரை' போன்ற தமிழ்ச் சொற்களால் ஆன மொழி அது. தமிழ்வழியில் பயின்று முதலாமாண்டில் சேரும் மாணவர்க்கு, ஆங்கிலச் சொற்களின் அச்சமின்றி நிரல் எழுதும் முறையைக் கற்பிக்க அது பெரிதும் உதவியது. அவர் படிப்பை முடித்துச் சென்ற பின்னரும் ஆண்டுதோறும் முதல் ஆறு வாரங்கள் நான் அதைக்கொண்டே பாடம் நடத்தி வந்தேன்.

அம்மொழியின் மொழிமாற்றி ஏறக்குறைய 3,000 வரிகள் கொண்ட சி நிரல். எங்கள் ஆய்வகத்தின் பழைய 32 பிட் லினக்ஸ் கணிப்பொறிகளில் அது குறையின்றி ஓடியது. 2024ஆம் ஆண்டு அக்கணிப்பொறிகள் கழிக்கப்பட்டுப் புதிய 64 பிட் கணிப்பொறிகள் வந்தன. ஜிசிசி என்னும் கம்பைலரின் 14ஆம் பதிப்பு அவற்றில் இருந்தது. பழைய நிரலை அதில் இட்டபோது திரை முழுவதும் பிழைச் செய்திகள் நிரம்பின. முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டன, மொழியோ ஓடவில்லை.

அந்நிலையில்தான் அம்மாணவி என்னிடம் வந்தார். "சார், இந்த மொழியை லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ராஸ்பெரி பை மூன்றிலும் ஓட வைப்பதை என் திட்டப்பணியாக எடுத்துக்கொள்கிறேன்" என்றார். ஃப்ரீபிஎஸ்டி, பெர்க்லிக் கிளையில் வந்த அமைப்பு. யூனிக்ஸ் பாடத்துக்காகத் துறையின் ஒரு கணிப்பொறியில் நான் நிறுவி வைத்திருந்தேன். ராஸ்பெரி பை, உள்ளங்கையில் அடங்கும் சிறு கணிப்பொறி. முன்னாள் மாணவர்கள் அன்பளிப்பாகத் தந்தவை சில இருந்தன.

நான் சிரித்துவிட்டேன். "பிறர் எழுதியதைக் கம்பைல் செய்வது ஒரு திட்டப்பணியா, அம்மா? இரண்டு மணி நேர வேலை. புதிதாக ஏதேனும் செய்" என்றேன். அவர் விடவில்லை. அரை மனத்தோடு ஒப்புதல் கையெழுத்திட்டேன். அந்த இரண்டு மணி நேர வேலை ஐந்து வாரம் நீண்டது.

கம்பைல் செய்தல் என்றால் என்ன?

மேலே செல்வதற்கு முன், மூல நிரல் ஓடும் நிரலாக மாறும் முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். முதலில் 'மேக்' என்னும் கருவி, எந்தக் கோப்பை எந்த வரிசையில் கையாள வேண்டும் என்ற பட்டியலைப் படிக்கிறது. அடுத்து, நிரல் கேட்கும் தலைப்புக் கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. அமைப்பு வழங்கும் செயற்கூறுகள் யாவை, அவை எதைப் பெற்று எதைத் தரும் என்ற அறிமுகம் இக்கோப்புகளில் இருக்கும். மூன்றாவதாகக் கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. நான்காவதாக இணைப்பி இவற்றையும் நூலகங்களையும் ஒன்றாகக் கோக்கிறது. இறுதியில் நிரல் ஓடுகிறது.

பிழை எந்த வாயிலில் எழுந்தது என்று அறிந்தாலே பாதி மருத்துவம் முடிந்தது. "கோப்பு இல்லை" என்றால் இரண்டாம் வாயில். "அறிவிக்கப்படாத செயற்கூறு" என்றால் மூன்றாம் வாயில். "வரையறை கிட்டவில்லை", "வரையறை இருமுறை வந்துள்ளது" என்றால் நான்காம் வாயில்.

நான் காட்டிய குறுக்கு வழி

புதிய லினக்சில் முதலில் வந்த பிழை, ஸ்ட்ர்டப் என்னும் செயற்கூறு அறிவிக்கப்படவில்லை என்பது. சரம் ஒன்றைப் புதிய இடத்தில் படியெடுத்து, அவ்விடத்தின் முகவரியைத் திருப்பித் தருவது அதன் வேலை. பழைய கம்பைலர்கள் இத்தகைய இடத்தில் எச்சரிக்கை மட்டும் தந்து, "அறிமுகம் இல்லாத செயற்கூறு முழு எண்ணைத்தான் தரும்" என்று தாமாகவே வைத்துக்கொண்டு மேலே செல்லும். 1999ஆம் ஆண்டுத் தரமே இவ்வழக்கத்தை நீக்கிவிட்டது. ஆயினும் கம்பைலர்கள் பழைய நிரல்களின் மீது இரக்கம் கொண்டு நெடுநாள் பொறுத்தன. 2023இல் கிளாங் 16ஆம் பதிப்பும், 2024இல் ஜிசிசி 14ஆம் பதிப்பும் இதை உண்மையான பிழையாகவே அறிவித்துவிட்டன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிழைகளை மீண்டும் எச்சரிக்கையாகத் தணிக்கும் ஒரு விசை ஜிசிசியில் உண்டு. அதை 'மேக்' பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். நிரல் கம்பைல் ஆயிற்று. 2 + 3 என்று கொடுத்தேன். 5 என்று வந்தது. "பார்த்தாயா, முடிந்தது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதையே முதலாமாண்டு வகுப்பில் திரையிட்டேன். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, முதல் மாறிக்கு ஒரு மதிப்பைக் கொடுத்த கணத்தில் நிரல் விழுந்தது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற ஒற்றை வரியைத் தவிரத் திரையில் வேறொன்றும் இல்லை. வெட்கத்தோடு கரும்பலகைக்குத் திரும்பினேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அம்மாணவிதான். மாறியின் பெயரைச் சேமிக்கும் இடத்தில்தான் ஸ்ட்ர்டப் அழைக்கப்படுகிறது; வெறும் கூட்டலுக்கு அது தேவையில்லை. பழைய கணிப்பொறியில் முழு எண்ணும் முகவரியும் தலா 4 பைட். ஆகவே முகவரியை எண் என்று தவறாகக் கொண்டாலும் ஒன்றும் கெடவில்லை. புதிய கணிப்பொறியில் முழு எண் 4 பைட், முகவரி 8 பைட். திரும்பி வந்த முகவரியில் பாதி வெட்டுண்டு போயிற்று. ஊர்ப்பெயரை வெட்டிவிட்டுக் கதவிலக்கத்தை மட்டும் எழுதி அஞ்சலில் சேர்த்த கடிதம் போல, நிரல் இல்லாத இடத்துக்குச் சென்று விழுந்தது.

"தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் போயிற்று" என்றேன். "அது நிரலில் ஏற்கெனவே இருக்கிறது, சார்" என்றார். உண்மைதான்! கோப்பு இருந்தும் அறிமுகம் ஏன் இல்லை? விடை 'மேக்' பட்டியலில் இருந்தது. 1999ஆம் ஆண்டின் தூய சி தரத்தை மட்டும் பின்பற்றுமாறு அதில் கட்டளை இருந்தது. ஸ்ட்ர்டப் அன்று சி தரத்தில் இல்லை. போசிக்ஸ் தரத்தில்தான் இருந்தது. சி மொழியின் தரத்துக்குள் அது நுழைந்தது சி23 பதிப்பில்தான். தூய்மையைக் கேட்டால் அமைப்பும் அதன் அறிமுகத்தை மறைத்துவிடுகிறது. போசிக்சின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு வேண்டும் என்று ஒரு வரியை எல்லாத் தலைப்புக் கோப்புகளுக்கும் முன்னால் எழுதினார். நான் சேர்க்கச் சொன்ன விசையை நீக்கினார். நிரல் கம்பைல் ஆயிற்று, விழவும் இல்லை.

வாயை அடைத்தால் நோய் தீராது என்பதை அன்று கற்றேன். பிழைச் செய்தி நமக்குப் பகை அன்று. வீட்டில் புகை எழும்போது குரைக்கும் நாயைக் கட்டிப்போட்டவன் நிலை என்னுடையது.

இணைப்பியின் வாயிலில்

அடுத்து, ஒரே மாறி பல கோப்புகளில் வரையறுக்கப்பட்டுள்ளது என்று இணைப்பி மறுத்தது. வரி எண்ணைக் குறிக்கும் மாறி ஒன்றைத் தலைப்புக் கோப்பிலேயே வரையறுத்திருந்தார் முன்னாள் மாணவர். அத்தலைப்பை ஆறு கோப்புகள் சேர்த்துக்கொண்டதால் ஆறு வரையறைகள் ஆயின. பழைய ஜிசிசி இந்த ஆறையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். 2020இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் அவ்வாறு சேர்ப்பதில்லை. தலைப்பில் "இப்படி ஒரு மாறி வேறிடத்தில் உண்டு" என்ற அறிவிப்பை மட்டும் வைத்து, வரையறையை ஒரே கோப்பில் வைத்தவுடன் இக்குறை நீங்கியது.

பின்னர் வர்க்கமூலம் முதலிய கணிதச் செயற்கூறுகள் கிட்டவில்லை என்றது. கணித நூலகத்தின் பெயர் கட்டளையில் இருந்தது. ஆனால் நம் கோப்புகளுக்கு முன்னால் இருந்தது. இணைப்பி இடமிருந்து வலமாகப் படித்துச் செல்கிறது. நூலகத்தைக் காணும் வேளையில் அதிலிருந்து எதுவும் தேவைப்படவில்லை எனில் அதை விட்டுவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் பல அமைப்புகளில் உண்டு. பந்தியில் இலை போடுமுன் சாதம் கொண்டுவந்தவர் திரும்பிப் போய்விட்ட கதைதான். நூலகத்தின் பெயரைக் கடைசிக்கு நகர்த்தினார், சரியாயிற்று.

எந்தச் செயற்கூறு எந்த நூலகத்தில் உள்ளது என்பதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. ஓடும்போதே நூலகங்களை ஏற்றும் செயற்கூறுகள் லினக்சில் நெடுநாள் தனி நூலகத்தில் இருந்தன. 2021இல் வந்த ஜிலிப்சி 2.34இல்தான் முதன்மை நூலகத்தோடு சேர்ந்தன. ஃப்ரீபிஎஸ்டியில் அவை முதன்மை நூலகத்திலேயே இருந்து வந்தன. சோலாரிசில் வலைத்தொடர்புச் செயற்கூறுகளுக்கெனத் தனி நூலகங்களைக் கேட்க வேண்டியிருந்த காலமும் உண்டு.

ஃப்ரீபிஎஸ்டியில் கண்டவை

லினக்சில் வென்ற நிரலை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டு சென்றோம். முதல் வாயிலையே தாண்டவில்லை. 'மேக்' என்ற பெயர் ஒன்றாயினும் கருவி வேறு. லினக்சில் வழங்குவது குனு மேக். அதற்கே உரிய நிபந்தனை வரிகளைப் பிஎஸ்டி மேக் அறியாது. குனு மேக்கை அங்கும் நிறுவிக்கொண்டால் தீரும். ஆனால் அம்மாணவி, இரண்டுக்கும் பொதுவான எளிய வரிகளால் பட்டியலைத் திருப்பி எழுதினார். முப்பது வரி பதினெட்டு வரியாகக் குறைந்தது.

அடுத்த பிழை சுவையானது. நினைவக ஒதுக்கீட்டுக்காக 'மேலாக்' என்னும் தலைப்புக் கோப்பை நிரல் கேட்டது. ஃப்ரீபிஎஸ்டி அதை ஏற்காமல், "அதற்குப் பதில் ஸ்டேண்டர்டு லைப்ரரித் தலைப்பைப் பயன்படுத்துக" என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அவ்வாறே மாற்றினோம். உடனே இரட்டிப்புப் பிழைகள்! கோப்பைக் குறிக்கும் வகைப்பெயரே தெரியவில்லை என்றது. அவ்வகையில் அறிவித்த மாறிகள் தெரியவில்லை என்றது. அச்சிடும் செயற்கூறும் தெரியவில்லை என்றது.

நாங்கள் கெடுத்துவிட்டோமா? இல்லை. லினக்சின் ஜிலிப்சியில் அந்த 'மேலாக்' தலைப்பு, உள்ளீடு வெளியீட்டுத் தலைப்பையும் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால், அதைத் தனியாகக் கேட்க மறந்துவிட்ட ஒரு கோப்பு, மறந்தது தெரியாமலே பதின்மூன்று ஆண்டுகள் ஓடியது! அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய நாளிதழைப் படித்துவந்தவர், அவர் வீடு மாறிச் சென்றபோதுதான் தாம் சந்தா கட்டவில்லை என்று உணர்வார். ஒரு வரி சேர்த்ததும் திரையை நிறைத்த பிழைகள் அனைத்தும் மறைந்தன. பிழைகள் நூறு வந்தாலும் முதல் பிழையை மட்டும் படித்துத் திருத்தி, மீண்டும் கம்பைல் செய்க என்பது இதனால் பெறும் பாடம். மற்றவை பெரும்பாலும் முதலாவதன் நிழல்கள்.

தமிழ் எழுத்தை அறியாத கணிப்பொறி

ராஸ்பெரி பையில் இருப்பதும் லினக்ஸ்தான். ஒரு பிழையும் இன்றிக் கம்பைல் ஆயிற்று. "இங்கே வேலையே இல்லை" என்றேன். ஓட்டிப் பார்த்தபோது, 'எழுது' என்ற முதற்சொல்லையே "அறியாத எழுத்து" என்று தள்ளியது. தமிழே இல்லாத, எண்கள் மட்டும் கொண்ட கோப்பைக் கொடுத்தோம்; விடை வந்தது, ஆனால் நிரல் முடியவே இல்லை. கோப்பின் இறுதியைக் கடந்தும் எதையோ படித்துக்கொண்டே இருந்தது.

கம்பைலர் எதுவும் சொல்லாதபோது எங்கே தேடுவது? மூன்று நாள் தவித்தோம். நான்காம் நாள் அம்மாணவி எளிய செயல் ஒன்றைச் செய்தார். நிரல் படிக்கும் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அச்சிடச் செய்து, இரு கணிப்பொறிகளின் விடைகளையும் எதிரெதிரே எழுதினார். 'க' என்ற எழுத்துக்கு ஆய்வகக் கணிப்பொறி -32, -82, -107 என்றது. ராஸ்பெரி பை 224, 174, 149 என்றது. ஒவ்வோர் இணைக்கும் இடையிலான வேறுபாடு 256!

விளக்கம் இதுதான். ஒரு பைட்டில் 256 மதிப்புகள் அடங்கும். அவற்றை 0 முதல் 255 வரை என்றும் கொள்ளலாம். -128 முதல் 127 வரை என்றும் கொள்ளலாம். சி மொழியின் எழுத்து வகைக்கு இவற்றுள் எது என்பதைத் தரம் வரையறுக்காமல் அந்தந்த அமைப்பின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இன்டெல் வகைக் கணிப்பொறிகளில் குறியுடைய எண். ஆர்ம் வகைச் சில்லில் ஓடும் லினக்சில் குறியற்ற எண். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மூன்றுமே 127ஐ விடப் பெரியவை. ஆகவே குறியுடைய கணக்கில் மூன்றும் எதிர்ம எண்கள். 2011இல் அந்த முன்னாள் மாணவர், "பைட் சுழியை விடக் குறைவாயின் அது தமிழ் எழுத்து" என்று எழுதியிருந்தார். அன்று அவர் கண்ட கணிப்பொறிகளில் எல்லாம் அது மெய். ராஸ்பெரி பையில் எந்தப் பைட்டும் சுழியை விடக் குறையாது; ஆகவே எந்த எழுத்தும் தமிழ் ஆகாது.

முடிவின்றி ஓடியதற்கும் இதுவே காரணம். கோப்பு முடிந்தது என்பதற்கு அடையாளம் -1. அதைக் குறியற்ற எழுத்து வகை மாறியில் இட்டால் 255 ஆகிவிடும். 255ஐ -1உடன் எத்தனை முறை ஒப்பிட்டாலும் இரண்டும் சமம் ஆகா.

"எழுத்து வகையைக் குறியுடையதாகக் கொள்ளுமாறு கம்பைலருக்கு ஒரு விசை உண்டு. அதைப் போட்டுவிடு" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாய் பழைய பாடத்தை மறந்தது எனக்கே தெரிந்தது. அம்மாணவி மெல்லச் சொன்னார்: "போடலாம், சார். ஆனால் நாளைக்கு வேறொருவர் அந்த விசை இல்லாமல் கம்பைல் செய்தால், அவருடைய கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாமல் போய்விடும்." நான் மறுபேச்சுப் பேசவில்லை. படித்த பைட்டை முழு எண் மாறியில் வாங்கினார். சரங்களைக் குறியற்ற பைட்டுகளாகவே ஒப்பிட்டார். "சுழியை விடக் குறைவு" என்பதை "127ஐ விட மிகுதி" என்று மாற்றினார். மூன்று அமைப்புகளிலும் ஒரே விடை வந்தது.

பெயரைக் கேளாது திறனைக் கேட்டல்

"இது லினக்சாயின் இப்படிச் செய், ஃப்ரீபிஎஸ்டியாயின் அப்படிச் செய்" என்று நிரல் முழுவதும் பெயர் சொல்லிக் கிளை பிரிப்பது தொடக்கத்தில் எளிது. ஆனால் புதிய அமைப்பு வரும்போதெல்லாம் நிரல் தடுமாறும். அமைப்பின் பெயரைக் கேளாமல் அதன் திறனைக் கேட்பதே சிறந்த முறை. 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழி, 'கான்ஃபிகர்' என்னும் ஷெல் நிரலோடு வந்தது. "இந்தச் செயற்கூறு உண்டா? அந்தத் தலைப்பு உண்டா?" என்று அமைப்பையே சோதித்துப் பார்த்து அதற்கேற்ப மொழியை அமைத்துக்கொள்வது அதன் பணி. 1991இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப், இவ்வழியைப் பலருக்கும் பொதுவாக்கியது.

வேறொரு வழியும் உண்டு. 1993இல் பிரேசில் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த லுவா மொழி, தரமான சி மொழியில் இல்லாத எதையும் இயன்றவரை கேட்பதில்லை. அமைப்புக்கே உரிய செய்திகளை ஓரிரு கோப்புகளில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. குறைவாகக் கேட்பவனுக்கு எந்த ஊரிலும் விருந்து கிடைக்கும். எங்கள் சிறு மொழிக்கு இந்த இரண்டாம் வழியே போதுமானதாயிற்று.

முடிவுரை

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு நடந்தது. புறத்தேர்வாளர் கேட்ட முதற்கேள்வி, நான் எதிர்பார்த்து அஞ்சியதே. "இதில் நீங்கள் புதிதாக எழுதியது எத்தனை வரி?" என்றார். "சேர்த்தது நாற்பத்தொரு வரி, நீக்கியது அதைவிட அதிகம், சார்" என்று தயங்காமல் சொன்னார் அம்மாணவி. பிறகு ஒரு குறிப்பேட்டை நீட்டினார். பக்கத்துக்கு ஒரு பிழையாக, வந்த செய்தி, எழுந்த வாயில், முதலில் நினைத்த காரணம், உண்மைக் காரணம், தீர்வு என்று ஐந்து தலைப்புகளில் எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்தில், "முதலில் நினைத்த காரணம்" என்னும் இடத்தில், என் குறுக்கு வழியும் அதனால் வகுப்பில் நேர்ந்ததும் என் பெயரின்றிக் குறிக்கப்பட்டிருந்தன. தேர்வாளர் அக்குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அறையில் வேறு பேச்சில்லை. அம்மாணவிக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது.

எங்களிடம் இருந்த மூன்று அமைப்புகளும் பைட்டுகளை ஒரே வரிசையில் அடுக்குபவை. ஆகவே 'டகர்லூ' தொல்லை எங்களுக்கு நேரவில்லை. நேரிடின் அது மற்றொரு மாணவருக்குத் திட்டப்பணி ஆகட்டும். இனி இத்தகைய பணியில் இறங்குவோர்க்கு நான் கூற விரும்புவன இவை:

1. முதல் பிழையை முழுமையாகப் படியுங்கள். அதைத் திருத்தும் முன் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

2. பிழை எந்த வாயிலில் எழுந்தது என்று முதலில் தீர்மானியுங்கள்.

3. எச்சரிக்கையை அடக்கும் விசை மருந்து அன்று. எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டும் விசையைப் போட்டே பழகுங்கள்.

4. வேண்டிய தலைப்புக் கோப்பை நீங்களே கேளுங்கள். மற்றொரு தலைப்பு கொண்டுவரும் என்று நம்பாதீர்கள்.

5. முழு எண்ணின் அளவு, எழுத்து வகையின் குறி, பைட்டுகளின் வரிசை ஆகிய மூன்றையும் ஒருபோதும் தெரிந்தவையாகக் கொள்ளாதீர்கள்.

6. கம்பைல் ஆயிற்று என்பதை ஓடிற்று என்று கொள்ளாதீர்கள். ஓடிற்று என்பதைச் சரியாக ஓடிற்று என்று கொள்ளாதீர்கள்.

7. ஒரு திருத்தம் செய்தவுடன், பழைய அமைப்பிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

திருத்திய நிரலை 2011ஆம் ஆண்டு மாணவருக்கும் அனுப்பிவைத்தோம். தம் நிரலில் இத்தனை குறை இருந்ததா என்று அவர் வருந்தவில்லை. "அன்று எனக்குத் தெரிந்த கணிப்பொறி அது ஒன்றுதான், சார்" என்று எழுதியிருந்தார். நம்மில் யாருக்குத்தான் அப்படியில்லை? நாம் அறிந்த ஓர் ஊரை உலகம் என்று கொண்டு எழுதுகிறோம். அதைப் பிழை என்று அறிவிக்க வேறோர் ஊர் தேவைப்படுகிறது.

இந்த ஆண்டு முதலாமாண்டு வகுப்பில் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் இவ்வாறு எழுதினேன்: "சி மொழியில் கவனமாக எழுதிய நிரலை எந்தக் கணிப்பொறியிலும் ஓட வைக்கலாம்." ஒரு மாணவர் எழுந்து, "கவனமாக என்றால் எப்படி, சார்?" என்று கேட்டார். அம்மாணவி துறை நூலகத்தில் விட்டுச்சென்ற குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன்.